ஊர்ச்சபையும் வித்தியாசாலையும்

சிவமயம்



தானங்கள் பலவற்றுள்ளும் வித்தியாதானம் சிறந்ததென்பதை நம்மவருள் அறியாதார் இலர். அன்னங் கொடுத்தார் ஒருபொழுதைப் பசியை நீக்குவர். வத்திரங் கொடுத்தார் ஓராண்டைக் குளிரை நீக்குவர். வித்தை கொடுத்தாரோ, பெற்றவன் தானும் வாழ்ந்து பிறரையும் வாழ்விக்குமாறு செய்வர். இங்ஙனம் அறிந்திருந்தும், நம்மூர் வித்தியாசாலைகளுட் பல நாளுக்கு நாள் மெலிந்து வருதல் என்னை? பொருளின்மையாலோ? அன்று. அறிவின்மையாலோ? அன்று. நாம் கூடாமையால் என்பதே நமது துணிபு. அதனை இன்று ஒருவாறு விரித்துரைக்கப் புகுகின்றோம்.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை நிறைவேறி, விபூதி சந்தனம் பெற்று வெளிவீதிக்கு வந்தோர் பேசும் பேச்சைச் சற்றே கேண்மின். "கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனார், அவரிடத்துக்கு வேறொருவர் இன்னும் வரவில்லை" என்பார் ஒருவர். "மலசலகூடம் பழுதாய்க் கிடக்கின்றது, வளர்ந்த பெண்பிள்ளைகள் நண்பகலிலேயே வீடு திரும்புகின்றார்கள்" என்பார் இன்னொருவர். "நான் என் மகனைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன்" என்பார் மூன்றாமவர். மூவர் கூற்றும் மெய்யே. மூவரும் பேசியது ஒரு வித்தியாசாலையைப் பற்றியே. ஆயினும் பேசி முடிந்தபின் மூவரும் தத்தம் வழியே சென்றனர். மறு வெள்ளிக்கிழமையும் அதே பேச்சு நிகழ்ந்தது. குறையைக் காணும் கண்ணும் அதனைச் சொல்லும் வாயும் நம்மூரில் உண்டு. அதனைத் தீர்க்கக் கூடும் கூட்டமே இல்லை.

கூட்டங் கூடுதல் உலகியலாருக்கு உரியது, சைவருக்கு உரியதன்று என்று எண்ணுவார் சிலர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. நாம் போற்றும் திருத்தொண்டருள் தனியடியார் 63 பேர். தொகையடியார் 9 கூட்டத்தார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகை முதற்கண் வணங்குவதுந் தனியொருவரையன்று, ஒரு கூட்டத்தாரையே. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரமோ, அடியாரோடு இணங்குதலையும் ஆலய வழிபாட்டையும் ஒருசேர வைத்து விதித்தது. ஞானத்தின் உச்சியை அடைந்தவனுக்கும் அடியார் இணக்கம் வேண்டுமாயின், கல்வியின் முதற்படியில் நிற்கும் நம் பிள்ளைகளின் பொருட்டு நமக்கு அது வேண்டாவோ?

அன்றியும், கூடும் வித்தை நமக்குப் புதியதுமன்று. நம்மூர்த் திருவிழாவை நோக்குமின். கொடியேற்றத்துக்கு நாள் குறிப்பார் யார்? இன்ன நாள் இன்னாருக்குரிய உபயம் என்பதைப் பிறழாது காப்பார் யார்? பந்தலிடுவோர், தண்ணீர்ப்பந்தல் வைப்போர், மேளகாரரை அழைப்போர், கணக்கெழுதுவோர் இவர்களையெல்லாம் எந்த அரசாங்கச் சுற்றறிக்கை நியமித்தது? ஊரே நியமித்தது. தேர்த் திருநாளன்று வடத்திற் கைவைப்பார் நூற்றுவர். ஒருவர் வலியராயினும் தனித்து இழுத்தால் தேர் அசையாது. இவ்வாற்றலை ஆண்டுக்குப் பத்து நாள் வெளிப்படுத்தி, எஞ்சிய நாளெல்லாம் உறங்கவைத்தலே நம் குறை. இதனை வித்தியாசாலையின் பக்கந் திருப்புதல் வேண்டும் என்பதே நாம் கூற வந்தது.

இதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சான்று. நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள், வெஸ்லியன் மிஷனாருடைய பாடசாலையிற் பெற்றிருந்த உத்தியோகத்தை விடுத்து, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். நம் பிள்ளைகள் தம் சமயத்தையுந் தமிழையும் இழவாது கல்வி பெறுதற்கு வழி அங்கே திறந்தது. பிள்ளைகளுக்கேற்ற பாலபாடங்களை எழுதி, அச்சியந்திரசாலை நிறுவி, அவற்றைத் தாமே பதிப்பித்தும் உதவினார்கள். பின்பு, ஆங்கிலக் கல்வியை வேண்டிப் பிற சமயத்தார் பள்ளிகளை நாடிச் செல்லும் சைவப் பிள்ளைகளுக்கு இரங்கி, 1872ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில வித்தியாசாலையையுந் தொடங்கினார்கள். அந்தோ! அது சில ஆண்டுகளே நடந்து, பொருளுதவி போதாமையால் நின்றுபோயிற்று.

இவ்விடத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். நாவலரவர்களிடத்துக் கல்வி குறைவோ? ஊக்கங் குறைவோ? தன்னல நாட்டம் இருந்ததோ? யாதும் இல்லை. அத்தகைய பெருமகனார் தொடங்கிய வித்தியாசாலையும், பலர் தாங்காமையால் நிலைபெறவில்லை. நாவலரவர்கள் 1879ஆம் ஆண்டில் சிவபதமடைந்தார்கள். ஒன்பது ஆண்டுகளின் பின், 1888இல், யாழ்ப்பாணத்துச் சைவர் பலர் ஒருங்குகூடிச் சைவபரிபாலன சபையை அமைத்தனர். 1889இல் இந்து சாதனம் என்னும் பத்திரிகை பிறந்தது. 1890இல் சபையாரது பரிபாலனத்தில் வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கில வித்தியாசாலை நிலைபெற்றது. அதுவே இன்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் விளங்குவது. ஒருவர் தோளில் நில்லாத பாரம் பலர் தோளில் நின்றது. போரும் இடப்பெயர்வும் வந்தகாலத்தும் அது அழிந்திலது.

அதன்பின் 1923ஆம் ஆண்டில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. வழக்கறிஞராயிருந்த சு. இராசரத்தினம் அவர்கள் அச்சங்கத்தின் பணியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்கள். பட்டணத்தில் ஒரு பெருங் கல்லூரி இருந்தாற் போதாது, கிராமந்தோறும் பிள்ளை நடந்து செல்லும் தூரத்தில் ஒரு பள்ளி வேண்டும் என்பது அச்சங்கத்தார் கருத்து. நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் அவர்கள் பரிபாலனத்தில் நடந்தன. ஆசிரியர் இன்றிப் பாடசாலை இல்லையாதலின், ஆசிரியரைப் பயிற்றும் கலாசாலையையும் நடத்தினார்கள். இவையெல்லாம் ஒரு தனவந்தரின் கொடையால் மாத்திரம் நடந்தனவல்ல. காணி கொடுத்தார் ஒருவர். பனைமரங் கொடுத்தார் ஒருவர். ஓலை வேய்ந்தார் ஒருவர். ஒன்றுங் கொடுக்க இயலாதவர் தம் பிள்ளையைத் தவறாது அனுப்பினார். அதுவும் கொடையே.

1945ஆம் ஆண்டில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலான அரசாங்கத்தின் வசமாயின. ஏழைப் பிள்ளையும் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்னும் பெரும்பேறு இதனால் விளைந்தது. அதனை நன்றியோடு நினைத்தல் நம் கடன். ஆயினும் ஒன்றை இழந்தோம். பாடசாலை அரசாங்கத்துக்கு உரியதானவுடன், அது நம்முடையதன்று என்னும் எண்ணம் ஊரவர் நெஞ்சிற் குடிபுகுந்தது. ஓடு உடைந்தால் திணைக்களம் மாற்றட்டும், ஆசிரியர் வாராவிடின் திணைக்களம் அனுப்பட்டும் என்று சொல்லப் பழகினோம். உரிமை கைமாறியதோடு பொறுப்பும் கைநழுவிற்று. சட்டம் எடுத்துக்கொண்டது பரிபாலனத்தை மாத்திரமே. நம் பிள்ளைகள் இன்றும் நம் பிள்ளைகளே அன்றோ?

இனி, கசப்பாயினும் ஓர் உண்மையை மறையாது கூறல் வேண்டும். ஊர் கூடுதல் எப்பொழுதும் நன்மைக்கே ஆகாது. எவரை விலக்கிக் கூடுகின்றது என்பதைப் பொறுத்தது அதன் பயன். உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் அனைவரும் சமமான ஆசனத்தில் இருத்தல் வேண்டும் என்னும் கட்டளை 1930ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தபொழுது, அதனை எதிர்த்தும் யாழ்ப்பாணத்தில் ஊர்கள் கூடின, விண்ணப்பங்கள் எழுதப்பட்டன, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வித்தியாதானத்தைப் போற்றிய வாயே பக்கத்து வீட்டுப் பிள்ளையை நிலத்தில் இரு என்றது. திருநாளைப்போவார்க்குத் திருப்புன்கூரில் நந்தியை விலகப் பணித்த பெருமானை வணங்குவோர் செய்யத்தக்கதோ இது?

விலக்கப்பட்டாரும் வாளா இருந்தாரல்லர். வடமராட்சியில் சைவப் பெரியார் சூரன் அவர்கள், கல்விச்சாலைகளின் வாயில் அடைக்கப்பட்ட தம்மினத்துப் பிள்ளைகளின் பொருட்டுத் தேவரையாளியில் ஒரு சைவ வித்தியாசாலையை நிறுவி வளர்த்தார்கள். அது தேவரையாளி இந்துக் கல்லூரி என்னும் பெயரோடு இன்றும் நடக்கின்றது. ஆசிரியரும் எழுத்தாளரும் அங்கிருந்து தோன்றினர். செல்வமும் செல்வாக்கும் இல்லாத மக்கள் கூடிச் சாதித்தது அது. ஆதலால், இன்று நாம் கூட்டுஞ் சபையில் எந்தக் குடியிருப்பார்க்கு அழைப்புப் போகவில்லை என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டிலும், எல்லாருந் தேர்வடம் பிடித்தலை விரும்பாது மண்வெட்டும் இயந்திரத்தால் தேரை இழுத்த செய்தி நம் நாட்டிலிருந்தே வந்தது. இயந்திரம் தேரை நகர்த்தும், ஊரை ஒன்றாக்காது. வித்தியாசாலையை அவ்வாறு இழுக்க எந்த இயந்திரமும் இல்லை.

சபை கூடிச் செய்யும் வேலை யாது? கட்டடங் கட்டுதல் என்று பலர் விடை கூறுவர். இலண்டனிலுங் கனடாவிலும் வாழும் பழைய மாணவர் அன்போடு பணம் அனுப்புகின்றனர், மண்டபம் எழுகின்றது, வாயிலில் வளைவு நிற்கின்றது, திறப்புவிழாவில் மாலைகள் விழுகின்றன. அவர்தம் அன்பை நாம் குறைகூறோம். ஆயினும் அம்மண்டபத்துள் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத்தைப் பிழையின்றி வாசிக்கின்றதோ என்று கேட்டார் யார்? கட்டடத்தைக் கண்ணாற் காணலாம். பிள்ளையின் வாசிப்பைக் காண, அருகிருந்து கேட்டல் வேண்டும்.

இவ்விடத்தில் அந்நிய தேசத்து உதாரணம் ஒன்று கூறுவோம். அமெரிக்க தேசத்து டெக்சாஸ் மாகாணத்திலே, ஆஸ்டின் என்னும் நகரின் கீழ்பாகத்திலே, சவாலா என்னும் ஆரம்பப் பாடசாலை ஒன்று உண்டு. அங்கே படிப்போர் பெரும்பாலும் ஏழைகளாகிய மெக்சிக்க வமிசத்துப் பிள்ளைகள். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பெற்றோர் ஆசிரியர் கூட்டமொன்றிலே, மாகாணப் பரீட்சையில் அப்பாடசாலைப் பிள்ளைகள் பெற்ற தாழ்ந்த பெறுபேற்றைப் பெற்றோருள் ஒருவர் அவையறிய வாசித்தார். பெற்றோர் திடுக்கிட்டனர், என்னை? அவர்கள் வீட்டுக்கு வந்த தேர்ச்சி அறிக்கைகளிலோ நல்ல புள்ளிகளே எழுதப்பட்டிருந்தன. சினம் மூண்டது, ஆசிரியர் சிலர் நீங்கினர். ஆயினும் சினத்தோடு அக்காரியம் முடிந்திலது. அந்நகரத்துச் சமயச் சபைகள் பல சேர்ந்த கூட்டமைப்பொன்று துணைநிற்க, ஆசிரியரும் பெற்றோரும் வீடுவீடாகச் சென்று, உமது பிள்ளைக்கு வேண்டுவது யாது என்று வினவினர். முதலில் எழுந்தது பாடத்தைப் பற்றிய குறையன்று. பிள்ளைகளின் நோயும் தடுப்பூசியும் பற்றியது. ஆதலின் பாடசாலையிலேயே ஒரு சுகாதார நிலையம் வேண்டுமென்று கேட்டனர். எதிர்ப்பு வந்தது, விடாது சென்று கேட்டுப் பெற்றனர். அவ்வெற்றி தந்த துணிவால், மாலைநேர வகுப்புகளையும் விஞ்ஞானக் கல்வியையுங் கேட்டுப் பெற்றனர். பிள்ளைகளின் வரவு உயர்ந்தது; பரீட்சைத் தேர்ச்சியும் உயர்ந்தது.

இதனால் நாம் அறியத்தக்கன மூன்று. உண்மையை மறையாது அவைமுன் வைத்தமை ஒன்று. சினத்தோடு நின்றுவிடாது வீடுவீடாகச் சென்று கேட்டமை இரண்டு. பெறக்கூடிய ஒன்றை முதலிற் பெற்று, அத்துணிவோடு பெரியதை நாடியமை மூன்று. அவர்களுக்குத் துணைநின்றவை வழிபாட்டுச் சபைகள் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். நமக்கு ஊருக்கு ஓர் ஆலயம் உண்டு. ஆலயத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. ஆயினும் அம்மண்டபத்தில் வித்தியாசாலையைப் பற்றி எத்தனை முறை கூடினோம்?

சபை அமைத்தற்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. ஒவ்வொரு பாடசாலைக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என ஒன்று முன்னரே உண்டு. அதிபர் பதவிவழித் தலைவர். ஆசிரியரும் பெற்றோரும் பழைய மாணவரும் அங்கத்தவர். பெயர் உண்டு, குறிப்புப் புத்தகம் உண்டு, உயிர்தான் குறைவு. அதற்கு உயிரூட்டும் வழிகள் சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, வீடு செல்லல். இருவர் இருவராகப் பிரிந்து, ஒழுங்கையொன்றும் விடாது, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் இருந்து கேட்டல் வேண்டும். சென்றவர் பேசுவது குறைவாயும் கேட்பது மிகுதியாயும் இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் பிள்ளை ஏன் வரவில்லை, தாய் கூலிவேலைக்குப் போனால் தம்பியைப் பார்ப்பார் யார் என்பன போன்ற செய்திகள் கந்தோரில் கிடையா. அவை வீட்டிலேதான் கிடைக்கும்.

இரண்டாவது, எண்ணியறிதல். வரவுப் பதிவேட்டின்படி நாளொன்றுக்கு எத்தனை பிள்ளைகள் வாரார்? எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இலர்? குடிநீர் உண்டோ? மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாதார் எத்தனை பேர்? குத்துமதிப்பாய்ச் சொல்வதை அதிகாரி ஒரு வார்த்தையால் தள்ளிவிடுவார். எண்ணிச் சொல்வதைத் தள்ளல் அரிது.

மூன்றாவது, ஒன்றைத் தெரிதல். பத்துக் குறையை ஒருசேரத் தூக்கினால் பத்தும் விழும். எல்லாருக்கும் வேண்டியதும், சில மாதத்துள் முடியக்கூடியதுமாகிய ஒன்றைச் சபை தெரிந்துகொள்ளல் வேண்டும்.

நான்காவது, கேட்டல். கோட்டக் கல்விப் பணிப்பாளரிடத்தோ வலயக் கல்விப் பணிப்பாளரிடத்தோ ஒருவர் போய்க் கெஞ்சுதல் வேறு. தாய்மாரும் தந்தைமாரும் இருபதின்மர் மரியாதையோடு சென்று, எழுத்திற் கொடுத்து, இன்ன நாளுக்குள் விடை வேண்டும் எனக் கேட்டு, அந்நாளில் மீண்டும் செல்லுதல் வேறு. இது கலகமன்று. வரி கொடுக்குங் குடிகளின் முறை.

ஐந்தாவது, நாமும் செய்தல். மாலையில் விளக்கேற்றிய வீட்டில் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துதல், ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள எந்தப் பிள்ளையும் பள்ளிக்குச் செல்லாதிருக்க விடாமை, கற்றவர் ஆலய மண்டபத்தில் வாரம் ஒரு மாலை வாசிப்புக் கற்பித்தல் என்பன அரசாங்கத்தைக் கேட்டுச் செய்யவேண்டியன அல்ல.

ஆறாவது, கணக்குரைத்தல். பெற்ற காசும் செலவான காசும் ஊரறிய வாசிக்கப்படல் வேண்டும். சங்கங்கள் அழிவது பகைவரால் அன்று, வாசியாத கணக்கினால்.

இனித் தடைகள் சிலவற்றுக்கு விடை கூறுவோம். அதிபர் சினப்பாரே எனின், குற்றங் கண்டுபிடிக்கச் செல்வாரைக் கண்டு சினப்பார். தோள் கொடுக்கச் செல்வாரைக் கண்டு மகிழ்வார். ஆசிரியர் பலர் தூர இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகின்றனர். அவர்க்கு ஊரில் ஒரு நல்ல தங்குமிடம் தேடிக் கொடுத்த சபை, அவர் மாற்றலை நாடுதற்குரிய காரணம் ஒன்றைக் குறைத்ததாகும். பெண்கள் சபைக்கு வருதல் வழக்கமில்லையே எனின், பிள்ளையின் படிப்பை நாடோறும் காண்பவள் தாயே; அவளில்லாத சபை பாதிக் கண்ணோடு பார்க்குஞ் சபை. எம் பிள்ளை பட்டணத்திற் படிக்கின்றான், எமக்கு இதனால் என்ன எனின், இதற்கே விரிவாய் விடை சொல்லல் வேண்டும்.

வசதியுள்ளார் தம் பிள்ளையை எடுத்துச் செல்லச் செல்ல, ஊர்ப்பள்ளியில் எஞ்சுவோர் கேட்க வாயில்லாதாருடைய பிள்ளைகளே. பிள்ளைத்தொகை குறைய ஆசிரியர் தொகை குறையும். ஆசிரியர் குறைய மீண்டும் பிள்ளைகள் குறைவர். ஈற்றிற் கதவு மூடப்படும். நம் முன்னோர் காணியும் பனையுங் கொடுத்து எழுப்பிய வித்தியாசாலை, ஒருவர் பகையாலுமின்றி, எல்லாரும் தத்தம் நன்மையை நாடியதனாலேயே மூடப்படுகின்றது. எஞ்சிய பிள்ளை யார்? உம் வயலில் வேலை செய்பவருடைய மகள். உம் ஆலயத்துக்குப் பூக் கொண்டுவருபவருடைய பேரன். அப்பிள்ளைகளின் கல்வியை விட்டுவிட்டுச் செய்யும் சிவதொண்டு நிறைவுடையதாமோ?

அப்பர் சுவாமிகள் உழவாரப் படையைக் கையில் தாங்கித் திருக்கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கினார்கள். அது சிறிய வேலை. நாடோறுஞ் செய்யும் வேலை. இன்று செதுக்கினால் நாளை மீண்டும் முளைக்கும். அதனாற் சலித்தாரில்லை. வித்தியாசாலைப் பணியும் அத்தன்மையதே. ஒருமுறை கூடிக் கைதட்டிக் கலைதலால் அது முடியாது. திங்கள்தோறும் கூடல் வேண்டும், வீடுதோறும் செல்லல் வேண்டும், கேட்டது கிடையாவிடின் மீண்டுங் கேட்டல் வேண்டும்.

ஆதலால், சைவ நன்மக்காள், வருகின்ற வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளிவீதியில் அப்பேச்சு எழும்பொழுது, கலைந்து செல்லாது மண்டபத்தில் அமருங்கள். அங்கு இல்லாதவர் யார் என்று பாருங்கள். அவர் வீட்டுக்கு முதலிற் செல்லுங்கள். நாளும் இடமுங் குறித்து, தாய்மாரையும் ஆசிரியரையும் எல்லாக் குடியிருப்பாரையும் அழைத்து, அபிவிருத்திச் சங்கத்தை மீண்டும் கூட்டுங்கள். நாவலரவர்கள் தனித்து ஏற்றிய விளக்கைப் பலர் கூடிக் காத்தமையாலேயே அது நம் காலம் வரை வந்தது. அதனை நம் பிள்ளைகளின் கையில் அணையாது கொடுத்தல் நம் கடன். அதற்கு வேண்டிய ஒற்றுமையை எல்லாம்வல்ல சிவபெருமான் நமக்கு அருளுக.

திருச்சிற்றம்பலம்